முதலைக் கைப்பையும் என் இரண்டு விரல்களும்

மகாயுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மாசி மாதக் குளிரில், லண்டன் மாநகரத்தில், ராஜா அரண்மனையின் இரும்புக் கம்பி வேலிக்கு வெளியே, ஒரு போலீஸ்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் பெருங்கூட்டம். அவர்கள் பார்க்க வந்தது சிப்பாய்கள் காவல் மாறுகிற வேடிக்கையை. பார்த்துக்கொண்டிருந்தது என்னை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் நான் முன்ஷி. கிடங்கு என்றால் மூட்டை அடுக்கும் இடம் இல்லை. ஆவாரம் பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போட்டுப் பதனிடும் இடம். எங்கள் முதலாளி ஒரு சாயபு. பதனிட்ட தோலெல்லாம் கப்பலேறி லண்டனுக்குப் போகும். அங்கே ஏலம் விடுவார்கள். அந்த ஏலக்காரர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் வேலை. முதலாளிக்குத் தமிழும் உருதுவும் தெரியும். ஒரு தோலைத் தடவிப் பார்த்தால் அந்த ஆடு எந்த ஊர்ப் பக்கம் மேய்ந்தது என்பதும் தெரியும். இங்கிலீஷ் மட்டும் தெரியாது. "நம்ம தோல எவன்தான் வாங்கறான், ஒருவாட்டி கண்ணால பாத்துட்டு வந்துடணும் முன்ஷி" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒருநாள் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார். ஒன்று அவருக்கு, ஒன்று அவருடைய நாக்குக்கு.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. லண்டன் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வேலூரில் ஒரு பாதிரியாரிடம் இரவல் வாங்கிய வழிகாட்டிப் புத்தகம் ஒன்று பல வருஷமாக என்னிடமே தங்கிவிட்டது. எந்தத் தெரு எந்தத் தெருவில் போய் முட்டும், எந்தப் பாலத்துக்கு எத்தனை வளைவு, எல்லாம் எனக்கு அத்துப்படி. புத்தகம் அச்சான வருஷத்தைத்தான் நான் பார்க்கவில்லை. அது விக்டோரியா மகாராணி திடமாக இருந்த காலத்துப் புத்தகம்.

போய் இறங்கிய மறுநாள் முதலாளியை நடத்திக்கொண்டு போனேன். குதிரை டிராம் நிற்கும் என்று நான் காட்டிய இடத்தில் நிலத்துக்குள் இறங்குகிற படிக்கட்டு இருந்தது. பூங்கா என்று கூட்டிப்போன இடத்தில் ஆறு மாடியில் ஆபீஸ் கட்டிடம் நின்றது. முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"முன்ஷி, உன் புஸ்தகத்துல கீற லண்டன் எங்க கீது? மொதல்ல அத்த காட்டு. இத்த அப்புறம் பாத்துக்கலாம்."

ஆகவே வெளிதேசம் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: வழிகாட்டிப் புத்தகம் வாங்கும்போது அதன் வயதைக் கேளுங்கள். இரண்டாவது, கம்பளிக் காலுறை நாலு ஜோடியாவது வேண்டும். அங்கே குளிர் தலையில் ஏறாது, பாதத்தில் ஏறும். ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு நடுவில் வையுங்கள். நான் ஓரத்தில் வைத்தேன். என் கறுப்புக் கோட்டு ஏடன் துறைமுகம் தொட்டு லண்டன் வரைக்கும் எலுமிச்சை மணத்தோடு வந்தது. சாப்பாட்டுக்கு முதலாளி ரொட்டி, முட்டை, மீன் என்று நிறுத்திக்கொண்டார். நான் வேகவைத்த உருளைக்கிழங்கிலேயே காலம் தள்ளினேன். வழி தெரியாவிட்டால் தயங்காமல் போலீஸ்காரரைக் கேளுங்கள், அவர்களைப் போலப் பொறுமைசாலிகள் உலகத்தில் இல்லை என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த ஒன்று மட்டும் காலத்தால் மாறவில்லை. அதை நான் வேறு விதமாகத் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது.

ஏலத்துக்கு முதல் நாள் அது. காலையில் வேலை ஏதும் இல்லை. அரண்மனை வாசலில் காவல் மாறுவதைப் பார்க்கலாம் என்று போனோம். நல்ல கூட்டம். வாலாஜாபேட்டைச் சந்தையில் கோட்டுப் போட்டவர்களாக நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கு முன்னால் ரோமக் கழுத்துப்பட்டி போட்ட கனத்த அம்மாள் ஒருத்தி நின்றாள். முழங்கையில் ஒரு கைப்பை தொங்கியது. பழுப்பு நிறம், மேலே முதலைச் செதில். அது என் வலது கைக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் மற்ற ஊர்க்காரர்களுக்கு விஷயம் புரியாது. எங்கள் பக்கத்தில் தோலைக் கண்டால் கை சும்மா இருக்காது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாமாகப் போய் ஓரத்தைக் கிள்ளும், மடிக்கும், மடிப்பை நீவும். யாருடைய தோல், எவர் காலில் கிடக்கிறது என்ற கேள்வியே கிடையாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பை மாமனார் குனிந்து கிள்ளிப் பார்ப்பார். வேலூர் லாங் பஜாரில் முன்பின் தெரியாதவன் உங்கள் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்து, "கம்மித் தோலு" என்று சொல்லிவிட்டுப் போவான். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு ஆம்பூர்க் கடைத்தெருவில் நடந்தவனை ஒருவரும் குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை என்றால்தான் அவமானம்.

என் விரல்கள் போய்விட்டன. நான் பார்த்துக்கொண்டிருந்தது சிப்பாய்களின் கரடித்தோல் குல்லாயை. விரல்கள் பார்த்துக்கொண்டிருந்தது பையின் மூடியை. மடித்து, நீவி, மறுபடி மடிக்கும்போது அந்த அம்மாள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், பிறகு அரண்மனைக்குள் இருக்கிற ராஜாவுக்கே கேட்கும்படி "திருடன்!" என்று கத்தினாள்.

அடுத்த நிமிஷம் போலீஸ்காரர் வந்துவிட்டார். ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த மீசை, பொறுமையே உருவானவர். பொறுமையாகத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னா முன்ஷி, அந்தம்மா எதுக்குக் கத்துது?" என்றார் முதலாளி.

முதலாளிக்கு மொழிபெயர்த்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். சொன்னேன். "என்னத் திருடன்றாங்க மொதலாளி. பையில கை விட்டுட்டேனாம்."

"உன்னையா? பேனா மூடிய மாசம் ரெண்டு தொலைக்கிற ஆளு நீ, எத்தப்போய் திருடுவே? அப்படி இன்னா பை அது?"

இப்படிச் சொல்லிக்கொண்டே முதலாளி எட்டி, அந்த அம்மாளின் முழங்கையில் தொங்கிய பையின் ஓரத்தைக் கிள்ளினார். மடித்தார். தையல் பக்கம் மூக்கை வைத்து முகர்ந்தார். "அட, ஆடு!" என்றார் மலர்ச்சியோடு. "முதலையும் இல்ல கிதலையும் இல்ல முன்ஷி. அச்சுப் போட்ட வெள்ளாடு. நம்ம ஆவாரம்பட்ட வாசனகூட அடிக்குது பாரு."

கூட்டத்தில் ஒரு பெரிய 'ஓ' எழுந்தது. பட்டப்பகலில், போலீஸ்காரர் கண்முன்னால், இரண்டாவது திருடனும் கை வைக்கிறான் என்றால் இது சாதாரணக் கும்பல் இல்லை என்று அவர்கள் தீர்மானித்திருக்க வேண்டும். போலீஸ்காரர் இன்னொரு கையால் முதலாளியின் கோட்டுக் காலரைப் பிடித்தார். ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார்.

ஸ்டேஷனில் ஒருமுறை என் பெயரை எழுதிக்கொண்டால் அது ஏலக்காரர்கள் காதுக்குப் போகும். அவர்கள் காதுக்குப் போனது அடுத்த தபாலில் ஆம்பூருக்கு வரும். இருபது வருஷமாக எந்தப் பெயரில் கடிதம் எழுதினேனோ அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'ஜேப்படி' என்று இருக்கும். என்னை நம்பிக் கடல் தாண்டி வந்த மனிதரின் காலரும் என் விரலால் சிக்கிக்கொண்டது.

பேசித் தப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். இருபது வருஷமாக இங்கிலீஷில் நான் எழுதியிருக்கிறேனே தவிர, நெருக்கடியில் பேசியதில்லை. வியாபாரக் கடித வாசகம்தான் வந்தது. "தங்கள் மேலான கைப்பை எங்கள் கைக்கு வந்து சேர்ந்ததை வந்தனத்துடன் ஒப்புக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். குற்றத்தை இதைவிட மரியாதையாக ஒப்புக்கொண்டவன் அந்த நகரத்தில் அதற்கு முன் இருந்திருக்கமாட்டான்.

போலீஸ்காரர் புருவத்தைத் தூக்கி, நீ என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. கப்பலில் யார் கேட்டாலும் 'அயல்நாட்டுக் கடிதப் போக்குவரத்து' என்று சொல்வேன். ஊரிலும் அப்படித்தான். ஆம்பூர் ஸ்டேஷன் தாண்டியதும் தோல் நாற்றம் என்று ரயிலில் மூக்கைப் பொத்துகிறவர்களோடு சேர்ந்து நானும் பொத்தியிருக்கிறேன். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது கோட்டில் அத்தர் தடவாமல் போனதில்லை. தோலைப் பற்றி ஆயிரம் கடிதம் எழுதினவன், தோல்காரன் என்று ஒருவரிடமும் வாயால் சொன்னதில்லை. இப்போது அந்தப் பழைய பதிலைச் சொன்னால் போலீஸ் ஸ்டேஷன்தான். கடிதம் எழுதுகிறவனுக்குக் கைப்பையில் என்ன வேலை?

"நான் தோல்காரன்!" என்றேன். பயத்தில் குரல் உச்சத்துக்குப் போய்விட்டது. "நாங்கள் இரண்டு பேரும் தோல்காரர்கள். தோல் பதனிடுவதுதான் எங்கள் தொழில். தோலைக் கண்டால் தொட்டுப் பார்ப்போம். எங்கள் ஊரில் எல்லோரும் தொட்டுப் பார்ப்போம். அம்மாள் மன்னிக்க வேண்டும். அவருடைய பைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பை எதனால் செய்தது என்பதைத்தான் பார்த்தேன்."

கூட்டம் அமைதியாயிற்று. போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மீசைக்குள் சிரித்தாரோ என்னவோ. தொட்டே கண்டுபிடிப்பாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம் அல்லவா, செய்து காட்டு, சரியாகச் சொன்னால் போகலாம் என்றார். கூட்டத்துக்கு இது காவல் மாறுவதைவிடப் பிடித்திருந்தது, கை தட்டினார்கள்.

முதலாளியைச் சோதியுங்கள், அவர்தான் வித்வான் என்று சொல்லிப் பார்த்தேன். முதலில் கை வைத்தவன் நீதானே என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார். விஷயம் என்னவென்றால், எனக்குத் தோல் தெரியுமா என்பது எனக்கே சந்தேகம். எங்கள் கிடங்கில் தரம் பிரிக்கிற மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவர் ஒவ்வொரு தோலாகப் புரட்டிச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். சும்மா இருக்கும்போது நானும் கிள்ளிப் பார்ப்பேன். "முன்ஷி, நீ தோல காகிதத்துலதான் தொட்டவன். ஆட்டையும் குட்டியையும் பிரிக்கத் தெரியாது" என்பார் மேஸ்திரி. நான் மறுத்ததில்லை.

என் தலைப்பாகையை அவிழ்த்து என் கண்ணையே கட்டினார்கள். முதலாளியைப் பேசக்கூடாது என்று சைகை காட்டி நாலடி தள்ளி நிறுத்தினார்கள்.

முதலில் கையில் வைத்தது ஒரு கையுறை. நாலு பக்கமும் இழுத்தால் நெகிழ்ந்து கொடுத்தது. மெத்தென்று, ஆனால் உள்ளே உறுதி இல்லை. செம்மறி என்றேன். சரி என்று ஒரு குரல். இரண்டாவது, தடித்த வார். ஒரு முனை விறைப்பு, மறுமுனை தளர்ச்சி. மாட்டுத்தோல், முதுகிலிருந்து வயிற்றுப் பக்கமாக வெட்டியிருக்கிறார்கள், இந்த முனை சீக்கிரம் நீளும் என்றேன். அது போலீஸ்காரருடைய சொந்த வார். ஏற்கெனவே நீண்டுதான் போயிருக்கிறது என்று அவர் முணுமுணுத்தார். கூட்டம் சிரித்தது. எனக்குத் தைரியம் வந்தது.

மூன்றாவது சிறிய பணப்பை ஒன்று. தடவினேன். கிள்ளினேன். ஆடு இல்லை, செம்மறி இல்லை, மாடு இல்லை, கன்று இல்லை. இந்தத் தோல் என் விரலுக்கு வந்ததே இல்லை. முதலாளி தூரத்தில் கனைத்தார். ஒரு கனைப்பு என்றால் ஆடா, மாடா? அப்படியெல்லாம் நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. மறுபடி கனைத்தார். அவருக்கு ஜலதோஷம் என்பது பிற்பாடுதான் ஞாபகம் வந்தது.

நகத்தால் மெதுவாக வருடினேன். சின்னச் சின்னக் குழிகள். மூன்று மூன்றாக, முக்கோணமாக, பணப்பை முழுவதும். சட்டென்று மூளைக்குள் ஒரு பக்கம் திறந்தது. எங்கோ ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறேன்: மயிர்க்கால் மூன்று மூன்றாக இருப்பது பன்றித்தோலுக்கு மட்டும். எங்கள் சாயபு கிடங்குக்குள் அந்தத் தோல் வர வழியே இல்லை. மேஸ்திரியே தொட்டதில்லை. ஆம்பூரில் தொட்டுத் தெரிந்துகொள்ள முடியாத ஒரே தோல், காகிதத்தில் தொட்டவனுக்குத்தான் தெரிந்தது.

"பன்றி" என்றேன்.

பணப்பைக்காரர் 'சபாஷ்' என்பதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையும் சொன்னார். தொப்பிகள் பறந்தன என்று பிறகு முதலாளி சொன்னார். போலீஸ்காரர் என் கண்கட்டை அவிழ்க்கப் போனார். அதற்குள், "என் பை?" என்று அந்த அம்மாளின் குரல் கேட்டது. "இவருடைய கூட்டாளி என்னவோ சொல்லிச் சிரித்தாரே, என் பைக்கு என்ன?"

கண் கட்டியபடியே பையை வாங்கிக்கொண்டேன். முதலை என்று சொன்னால் அம்மாள் மகிழ்வாள், நான் தப்பிப்பேன். ஆனால் கூட்டத்தில் ஒரு உண்மையான தோல்காரன் இருந்தால்? இருந்தான், நாலடி தள்ளிக் கனைத்துக்கொண்டிருந்தான். முதலாளி எதிரில் ஆட்டை முதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செதில்களின் மேல் விரலை ஓட்டினேன். ஒரு செதிலில் கொக்கி மாதிரி ஒரு சுழிப்பு. நாலு விரற்கடை தள்ளி அதே கொக்கி. இன்னும் நாலு விரற்கடை தள்ளி அதே. கட்டை அவிழ்த்துவிட்டு அம்மாளுக்கு மூன்று இடத்தையும் காட்டினேன். முதலையின் முதுகில் ஒரே மச்சம் மூன்று தடவை வராது அம்மா, இது இயந்திரத்தில் அழுத்திய அச்சு, கீழே இருப்பது வெள்ளாட்டுத் தோல், ஆனால் அருமையான தோல், எங்கள் பக்கத்துத் தோலாகவே இருக்கலாம் என்றேன். கடைசி வார்த்தையை ஆறுதலுக்காகச் சேர்த்தேன்.

அம்மாளின் முகம் சிவந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தெருக்கோடியைப் பார்த்தாள். "போன வாரம்தான் வாங்கினேன். அசல் முதலை என்று சத்தியம் செய்தான். வாருங்கள்!" என்றாள்.

அன்று நாங்கள் லண்டனில் பார்த்த ஊர்வலம் நாங்களே போனதுதான். முன்னால் அம்மாள், அடுத்து போலீஸ்காரர், நடுவில் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே நான், பக்கத்தில் முதலாளி, பின்னால் வேலையில்லாத இருபது முப்பது பேர். கடைக்காரன் கூட்டத்தைப் பார்த்ததுமே வெளுத்துவிட்டான். நான் கொக்கிகளைக் காட்டினேன். தனக்குச் சரக்கு அனுப்பியவன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லி, வேறு பை எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றான். அம்மாள் முதலாளியைப் பார்த்துக் கையை நீட்டி, 'நீங்களே எடுத்துக் கொடுங்கள்' என்பதுபோல அலமாரியைக் காட்டினாள்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முதலாளி கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போனார். கிள்ளினார், மடித்தார், முகர்ந்தார். "கம்மி. இதுவும் கம்மி. இது பரவால்ல. இத்த எவன் பதம் போட்டான், உப்பு ஜாஸ்தி." கடைசியில் மேல்தட்டிலிருந்து ஒரு பையை இறக்கி, இரண்டு கையாலும் அம்மாளிடம் கொடுத்தார். "இது முதலை" என்றார் தமிழிலேயே. அம்மாளுக்குப் புரிந்தது. திருடன் என்று கத்திய அதே வாயால் எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். போலீஸ்காரர் தலைக்கவசத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டு, தன் வாரை என்ன செய்யலாம் என்று என்னைத் தனியாகக் கேட்டார். மாற்றிவிடுங்கள் என்றேன்.

தங்குமிடத்துக்குத் திரும்பும்போது மோட்டார் பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்திருந்தோம். "அந்த மூணாவது தோலு இன்னாது முன்ஷி? சொன்னதும் எல்லாரும் குதிச்சானுங்களே" என்றார் முதலாளி.

"வேணாம் மொதலாளி. கேக்காதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். புரிந்துகொண்டு அடுத்த ஆசனத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "யா அல்லா! ரூமுக்குப் போனதும் சோப்பு ரெண்டுவாட்டி போடு. ரொட்டிய நானே எடுத்துக்கறேன்." சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். "அதுக்கு முன்னால இன்னாவோ சத்தமா சொன்னியே, எல்லாரும் கப்சிப்னு ஆனாங்களே. அது இன்னா?"

"நான் தோல்காரன்னு சொன்னேன்."

பஸ் ஒரு பாலத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. பாலம் முடிகிற இடத்தில் முதலாளி மெதுவாகச் சொன்னார்: "அத்த சொல்ல இருவது வருஷம் ஆச்சு உனக்கு."

மறுநாள் ஏலத்தில் எங்கள் சரக்கு வந்தபோது நான் அவருக்குப் பக்கத்தில் நின்று கடிதப் பாஷையில்லாத இங்கிலீஷில், கொஞ்சம் தப்பும் தவறுமாக, எங்கள் தோலைப் பற்றி நாலு பேரிடம் பேசினேன். கேட்டவர்கள் கேட்டார்கள். தொட்டுப் பார்த்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள்.

லண்டனில் என்னென்ன பார்த்தீர்கள் என்று இன்றைக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். கோபுரத்தையும் பாலத்தையும் அரண்மனையையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவேன். ஆனால் என் தலைப்பாகையாலேயே என் கண்ணைக் கட்டி நிறுத்தியிருந்த அந்தக் கால் மணி நேரத்தில்தான் நான் அங்கே எதையாவது ஒழுங்காகப் பார்த்தேன் என்று உள்ளுக்குள் தோன்றிக்கொண்டே இருக்கிறது.